நாலாம் கட்டில் அக்கா

அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவளுடைய முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய நெஞ்சைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தோரு வருடமாக இறுதியாண்டுப் பரீட்சை நடக்கும் நாட்களில் அவள் இரண்டாம் மாடி வார்டில் நாலாம் கட்டிலில் வந்து படுப்பாள். மாணவர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் வந்து, அவள் இதயத்தில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர் டாக்டர். கண்டுபிடிக்காதவர் ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டியதுதான்.

இப்படி வருடா வருடம் வந்து படுப்பவர்களுக்கு அங்கே ‘பரீட்சைக் கேஸ்’ என்று பெயர். ஒன்றாம் கட்டிலில் மண்ணீரல் வீங்கிய தாத்தா, இரண்டில் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்ட லாரி டிரைவர், மூன்றில் நுரையீரலில் நீர் கோத்த ஒரு வாத்தியார். நோய் முற்றவும் கூடாது, முழுதாக விட்டுப் போகவும் கூடாது. அப்படிப்பட்டவர்களைத்தான் தேடிப் பிடித்துக் கூப்பிடுவார்கள். அந்தக் கணக்கில் நாலாம் கட்டில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. லப், டப் என்று அடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டிய இதயம், அவளுக்கு லப், டப் என்ற பிறகு தூரத்தில் லாரி ஏற்றம் ஏறுவது மாதிரி ஒரு உறுமல் உறுமும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் காது உள்ள யாருக்கும் கேட்கும்.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் வெறும் கேஸ் மட்டும் அல்ல. அடித்தளத்தில் இருக்கிற தையல் அறையில் வேலை பார்க்கிறவள். ஆறு மிஷின்கள், ஒரு நீள மேசை, தரையெல்லாம் பச்சை நூல். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற பச்சைத் துணிகள் அங்கேதான் தைக்கப்படும். நடுவில் சதுரமாக ஓட்டை விட்ட பெரிய துணி ஒன்று உண்டு. நோயாளியை முழுக்கப் போர்த்தி, வெட்ட வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி விரிப்பது. அந்த ஓட்டையின் நான்கு மூலைகளும் சீக்கிரம் கிழியும் என்று அவள் மட்டும் மூலைக்கு இரண்டு தையல் கையாலேயே போடுவாள். யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை. போடாமல் அனுப்பினால் அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அவள் நோய் ஒன்பது வயதில் தொடங்கியது. தொண்டை வலி வந்தது, பிறகு முட்டி வீங்கியது, பிறகு எல்லாம் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். தொண்டையில் வந்தது நெஞ்சில் தங்கிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. இருபத்தாறு வயதில், கல்யாணமாகி இரண்டாவது மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் ஜன்னல் கண்ணாடி அறுக்கும் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான்.

இதயத்தின் இடது பக்க வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. அந்தக் காலத்தில் இங்கே அதற்கு ஒரே வழி, மார்பைத் திறப்பது. அப்போதுதான் வெளியூரில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார் ஒரு டாக்டர். ஒல்லி, தலை நிறைய முடி. தொடையில் ஒரு ரத்தக்குழாய் வழியாகச் சுருட்டிய பலூனை அனுப்பி, வால்வுக்கு நடுவில் வைத்து ஊதி விரிக்கும் புது முறையை அவர் ஆரம்பித்திருந்தார். ஆராய்ச்சியாகத்தான் நடந்தது. முதல் பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்தி. ஒப்புதல் தாளை மூன்று தடவை படித்துக் காட்டிவிட்டு, “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏதாவது கேளும்மா” என்றார்.

“நடுவுல வெடிச்சிடாதா டாக்டர்?”

அவர் சிரிக்கவில்லை. “வெடிக்கலாம். எவ்வளவு ஊதணும்னு நாங்களே இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கோம்.”

அந்த ஒரு பதிலுக்காகவே அவள் கையெழுத்துப் போட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனுஷன் பொய் சொல்ல மாட்டான் என்று கணவரிடம் சொன்னாள். பலூன் வெடிக்கவில்லை. நாலாம் நாள் அவள் தானே படியேறி வீட்டுக்குப் போனாள். வால்வு முழுதாகச் சரியாகவில்லை, உறுமல் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. தையல் அறை வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். இப்போது அவர் தலையில் முடி இல்லை. துறைக்கே தலைவர். எல்லோருக்கும் பெரிய டாக்டர். அன்று புதிதாக இருந்த பலூன் இன்று அன்றாட வேலை. காலையில் வந்து மறுநாள் வீட்டுக்குப் போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அவளைத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, தரையில் ஒட்டிய நாடாவைப் பார்த்து எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொள்வார்கள்.

பெரிய டாக்டர் கேட்டதால்தான் பரீட்சைக்கு வந்து படுக்கவும் சம்மதித்தாள். முதல் வருடம் கூச்சத்தில் உயிரே போயிற்று. இரண்டாம் வருடம் கூச்சம் போய்க் களைப்பு வந்தது. மூன்றாம் வருடம்தான் அந்தப் பையன் வந்தான். நெட்டை. பதற்றத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் தலைகீழாக மாட்டிக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்து எதையோ சொன்னான். பரீட்சை முடிந்து அவள் கீழே இறங்கும்போது அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள். சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை. அடுத்த பரீட்சைக்கு அவன் வரவில்லை. படிப்பையே விட்டுவிட்டானாம்.

என் நெஞ்சால் ஒரு பிள்ளை கெட்டுப் போச்சே என்று அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து ஒரு வேலை செய்தாள். மாணவன் திரைக்குள் வந்ததும் பத்து நிமிடம் அவனும் அவளும் மட்டும்தான். அதன் பிறகுதான் பரீட்சகர்கள் உள்ளே வருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில், இடது பக்கம் திரும்பும் சாக்கில் போர்வையைச் சரிசெய்தபடி, காதும் காதும் வைத்த மாதிரி சொல்லிவிடுவாள்: “இடது பக்க வால்வு. சுருக்கம். பலூன் வச்சாச்சு. டப்புக்கு அப்புறம் லாரி வரும் பாரு.” கேட்ட பிள்ளைகள் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. பதினெட்டு வருடத்தில் நாலாம் கட்டிலில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. பரீட்சகர்கள் இதை மாணவர்களின் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

இந்த வருடம் பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பு அவளுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பல்லைத் தொடுவதற்கு முன் இங்கே வந்து மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். வலியில் அதெல்லாம் யாருக்கு நினைவு இருக்கும்? தெருமுனையில் இருந்த பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு வாரம் கழித்துச் சாயங்காலங்களில் லேசாகக் காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை. ரவிக்கை தொளதொளத்தது. அடித்தளத்திலிருந்து மேலே ஏற இருபத்திரண்டு படி, பதினாலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“என்னன்னு காட்டிட்டு வா” என்று கணவர் விரட்டினார். “தினமும் அந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்க. காட்டறதுக்கு மட்டும் நேரம் இல்லையா உனக்கு?”

போனாள். வெளிநோயாளர் பிரிவில் அன்று இருந்தது பேனா தம்பி. ஆறு வருடம் முன்பு நாலாம் கட்டிலில் பரீட்சை எழுதியவன். பயத்தில் பேனாவின் தலையை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்ததால் அவள் வைத்த பெயர் அது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

“அக்கா! வாங்க, வாங்க. உட்காருங்க.” பக்கத்தில் நின்ற இளைய டாக்டர்களிடம் திரும்பி, “இவங்க இல்லன்னா நான் இன்னிக்கு இந்த நாற்காலியிலயே இல்ல. தெரியுமா?” என்றான்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே, “ஒண்ணும் பெரிசா இல்லப்பா” என்று ஆரம்பித்துத்தான் சொன்னாள். அவன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் இடது மார்புக்குக் கீழே வைத்தான். இரண்டு மூச்சு. சிரித்தான்.

“அதே பழைய லாரிதான் அக்கா. ஊர் முழுக்கக் காய்ச்சல், உங்களை மட்டும் விடுமா? மாத்திரை எழுதறேன்.”

அவளும் சிரித்தாள். அவளுக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பதில்தான். மாத்திரையை வாங்கிக்கொண்டு, பதினாலாம் படியில் நின்று, கீழே போய்த் தைத்தாள்.

பரீட்சை நாள் வந்தது. பெரிய டாக்டர் காலையில் வார்டைச் சுற்றி வரும்போது, “என்னம்மா, நல்லாயிருக்கியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பரீட்சைக்கு முன் பரீட்சகர்கள் ஒவ்வொரு நோயாளியையும் தாங்களே சோதித்து விடைத்தாளைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒன்று, இரண்டு, மூன்று கட்டில்களில் சரிபார்த்தார்கள். நாலாம் கட்டிலுக்குப் பழைய தாளையே அட்டையில் செருகினார்கள். அவளைத் தெரியாதா என்ன?

பதினைந்து பேர் வந்து போனார்கள். பதினைந்து பேருக்கும் சொன்னாள். மதியம் இரண்டு மணிக்குக் கடைசியாக ஒரு பெண் வந்தாள். சட்டையில் குத்திய அட்டையில் பதினாறு என்று இருந்தது. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்திருக்கும். தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள்.

அக்கா போர்வையை இழுத்தபடி, “இடது பக்க...” என்று ஆரம்பித்தாள்.

“ஐயோ அக்கா, சொல்லாதீங்க! ப்ளீஸ்.” அந்தப் பெண் கிசுகிசுத்தாள். “போன தடவை ஒரு தாத்தா கல்லீரல்னு சொன்னாரு. எனக்கும் கல்லீரலாத்தான் கைக்குத் தெரிஞ்சுது. கடைசியில மண்ணீரல். ஃபெயிலாயிட்டேன். நீங்க சொல்லிட்டா எனக்கு அப்புறம் அது மட்டும்தான் கேக்கும்.”

ஒன்றாம் கட்டில் தாத்தாவுக்குத் தன் உடம்பில் எது எந்தப் பக்கம் என்பதில் எப்போதுமே குழப்பம்தான். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. சரி, உன் பாடு என்று வாயை மூடிக்கொண்டாள்.

பதினாறு முதலில் நெஞ்சுக்கே போகவில்லை. கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். நகங்களுக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடுகள், பென்சிலால் இழுத்தது மாதிரி.

“இது என்னக்கா?”

“ஊசி குத்தினது. தையல் வேலைல்ல.”

“எந்தக் கையால தைப்பீங்க?”

“இந்தக் கைதான்.”

அந்தப் பெண் அவள் வலது கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். “ஊசி பிடிக்கிற கையில எப்படிக்கா ஊசி குத்தும்?”

முப்பது வருடமாகத் தைக்கிறவளுக்கு இது தோன்றவே இல்லை. குத்தினால் இடது கைக் கட்டைவிரலில்தான் குத்தும். வலது கையில், அதுவும் நகத்துக்கு அடியில், நான்கு விரல்களில். அவள் கையை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள்.

பிறகு அந்தப் பெண் இடது பக்கம் திருப்பிக் கேட்டாள். லாரியைக் கேட்டாள், முகத்தில் தெரிந்தது. அதோடு நிறுத்தவில்லை. “எழுந்து உட்காருங்கக்கா. கொஞ்சம் முன்னாடி குனியுங்க. மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு, அப்படியே நிறுத்துங்க.” இருபத்தோரு வருடத்தில் நாலாம் கட்டிலில் யாரும் அவளை இப்படிக் கடைசிவரை உட்காரவைத்துக் கேட்டதில்லை. ஒருக்களித்தவுடன்தான் எல்லோருக்கும் விடை கிடைத்துவிடுமே. நடு எலும்பின் ஓரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கண்ணை மூடினாள். திறந்தபோது அதில் பயம் வேறு மாதிரி இருந்தது.

திரை விலகியது. பெரிய டாக்டரும், வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த பரீட்சகரும் உள்ளே வந்தார்கள். பதினாறு சொன்னாள். இடது பக்க வால்வு சுருக்கம், சரி. “அதோட இன்னொரு சத்தம் இருக்கு சார். டப்போட ஒட்டி ஊதற மாதிரி, மெலிசா. மேல இருக்கிற வால்வு ஒழுகுதுன்னு நினைக்கிறேன். நகத்துல கோடு இருக்கு. வால்வுல கிருமி உக்காந்திருக்கலாம்.”

வெளிப் பரீட்சகர் அட்டையைப் பார்த்தார். “மேல் வால்வு நல்லாயிருக்குன்னு தாள்ல இருக்கே. இல்லாததெல்லாம் எப்படிம்மா உனக்குக் கேக்குது? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“கேட்டுச்சு சார்.” பார்வை அந்தத் தாளுக்குப் போயிற்று. ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. “எனக்குக் கேட்டுச்சு.”

அவர் பேனாவை எடுத்தார்.

பரீட்சைக் கேஸ் பரீட்சை நடுவில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடக் குட்டு வெளிப்படும். பெரிய டாக்டர் முகத்தில் இனி விழிக்க முடியாது. தையல் அறை வேலை இருக்குமோ இருக்காதோ. அவளுக்குக் கண் முன்னால் தெரிந்ததெல்லாம் மாடிப்படியில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த அந்த அம்மாதான்.

“சார், எழுதாதீங்க” என்றாள். “எனக்கு ரெண்டு மாசமா காய்ச்சல் அடிக்குது. படி ஏற முடியல. பல்லு பிடுங்கினேன், மருந்து போட்டுக்கல. காலையிலேருந்து பதினஞ்சு பேருக்கு நான்தான் விடையைச் சொல்லிக் கொடுத்தேன். இந்த வருஷம் மட்டும் இல்ல, எல்லா வருஷமும்தான். இந்தப் பொண்ணு மட்டும்தான் வேண்டாம்னுச்சு.”

திரைக்கு வெளியே யாரோ தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “குனிம்மா. மூச்சை வெளிய விடு. நிறுத்து.” அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் வெளிப் பரீட்சகரிடம் ஸ்டெதாஸ்கோப்பை நீட்டினார். அவரும் கேட்டார். கேட்டுவிட்டு, அட்டையிலிருந்து அந்தப் பழைய தாளை உருவி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதினாறு தேறினாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பதினைந்து பேருக்கு மறுநாள் வேறொரு நோயாளியை வைத்து மறுபடி பரீட்சை நடந்தது. அதில் நால்வர் தோற்றார்கள்.

அன்று சாயங்காலமே அவளை வார்டில் சேர்த்தார்கள். எக்கோ ஸ்கேனில் மேல் வால்வில் பூஞ்சை பூத்தது மாதிரி, பல் பிடுங்கிய புண் வழியாக ரத்தத்தில் இறங்கிய கிருமிக் கொத்து அசைந்தது. ஆறு வாரம் நரம்பில் மருந்து. அதன் பிறகு இரண்டு வால்வையும் மாற்ற மார்பைத் திறந்தாக வேண்டும். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் திறந்தும் பலன் இருந்திருக்காது என்று கணவரிடம் சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடியைக் கோணல் இல்லாமல் அறுக்கிற அந்தக் கைகளால் அன்று டீ டம்ளரைக்கூடச் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை.

பெரிய டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தாள். மூன்றாம் நாள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மன்னிச்சிடுங்க டாக்டர். பாவமேன்னுதான்...”

“நீ சொல்லிக் கொடுத்தது தப்புதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “காலையில உன்கிட்ட வந்தேன், நல்லாயிருக்கியான்னு கேட்டேன். காதை வைக்கல. எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? எனக்கும் உன்னைத் தெரியும்னு நினைப்பு.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் போன பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கணக்குப் போட்டாள். வருடத்துக்குப் பதினாறு, பதினேழு பேர். பதினெட்டு வருடம். முந்நூறு பேர் இருக்கும். அத்தனை பேரும் அவள் வாயைக் கேட்டுத் தேறியவர்கள், நெஞ்சைக் கேட்டு அல்ல. அவர்கள் இப்போது எங்கெங்கோ உட்கார்ந்து யார் யாருடைய மார்பிலோ ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு மூச்சில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பேனா தம்பி தன் மார்பில் வைத்து எடுத்த மாதிரி. அவன் அன்று சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. அவனுக்கு அந்தச் சிரிப்பைச் சொல்லிக் கொடுத்தது யார்? போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பயத்தில் அல்ல. வெட்கத்தில்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாற்றங்கள் வந்தன. எந்த நோயாளியானாலும், முப்பது வருடம் தெரிந்தவரானாலும், பரீட்சை அன்று காலையில் புதிதாகச் சோதித்துத்தான் விடைத்தாள் எழுத வேண்டும் என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொன்று, பயிற்சிக் கூடத்துக்கு ஒரு பொம்மை வந்திருந்தது. ஆள் அளவு ரப்பர் உடம்பு, மார்பில் வைத்தால் இதயச் சத்தம் கேட்கும். வால்வை மாற்றிவிட்டால் அவளுடைய சத்தம் உலகத்தில் இருக்காது. அதனால் அதைப் பதிவு செய்து பொம்மைக்குள் வைக்கலாமா என்று ஒப்புதல் தாளோடு வந்தார்கள். அவள் தாளை முழுக்கப் படித்தாள்.

“வச்சுக்கோங்க. ஆனா பக்கத்துல விடையை எழுதி ஒட்டி வைக்கக் கூடாது.”

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், யாரும் பதற வேண்டாம். ஆனால் அதற்கு முந்தின நாள் மதியம் அவளுக்கு அது தெரியாது. மறுநாள் காலையில் அந்தப் பச்சைத் துணி தன் மேல் விழும், சதுர ஓட்டைக்குள் தன் மார்பு மட்டும் தெரியும் என்பது மட்டும் தெரியும். மூலைக்கு இரண்டு தையல் போட்டிருக்கிறோமா என்று யோசித்தபடி படுத்திருந்தாள். கணவர் சாப்பிடப் போயிருந்தார்.

திரை ஓரத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. டிக், டிக் என்று பேனாச் சத்தம் கேட்டது.

“உள்ள வாப்பா.”

பேனா தம்பி வந்தான். ஆறு வாரமாக அவன் இந்த வார்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. முகம் செத்துப் போயிருந்தது. உட்காரவும் இல்லை.

“அன்னிக்கு நான் காதுல மாட்டியிருந்தேன்க்கா. வச்சேன். ஆனா கேக்கல.” பேனாவை ஒரு தடவை அழுத்தினான். “உங்க குரல்தான் கேட்டுச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி சொன்னீங்களே, அது. தினமும் எனக்கு அதேதான். யாரை வச்சாலும், தெரிஞ்சதுதான் காதுல விழுது. இந்த ஒரு மாசமா வச்ச ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே பயமா இருக்கு.”

“நான்தானேப்பா உன்னைக் கேக்க விடல.”

“நீங்க சொன்னீங்க. கேக்காம இருந்தது நான்தான்.”

தாழ்வாரத்தில் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. அவள் மெல்லக் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். மருந்துக் குழாயை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். முன்னால் குனிந்தாள்.

“நாளைக்கு இது இருக்காது. இப்ப கேட்டுக்கோ.”

அவன் பேனாவைப் பைக்குள் வைத்தான். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினான். நடு எலும்பின் ஓரத்தில் வைத்தான். அவள் மூச்சை வெளியே விட்டு நிறுத்தினாள். வாயில் விடை இருந்தது. இந்தத் தடவை முழு விடையும் அவளுக்குத் தெரியும், எது எங்கே கேட்கும் என்பதுகூட. பற்களை இறுக்கிக்கொண்டாள். அவன் கண்ணை மூடியிருந்தான். அவன் நெற்றி அவள் தோளுக்கு மிக அருகில் இருந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று. அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இழுத்து ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள்.

“என்னப்பா?”

அவன் கையை எடுக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

“இன்னும் கேட்டு முடிக்கலக்கா” என்றான். “இன்னொரு தடவை.”

அவள் மறுபடி மூச்சை வெளியே விட்டு நிறுத்தினாள்.